குறைவது துணிச்சல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் தொழில்முனைவு பற்றி வந்த கட்டுரையில், முதல் போடும் துணிச்சல் நம்மிடம் இல்லாததால்தான் நாடு வறுமையிலிருந்து மீளவில்லை என்று ஒரு வரி இருந்தது. கோவை கணபதியில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தும் எனக்கு அந்த வரியைக் கடந்து படிக்க மனம் வரவில்லை.

பம்ப் கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். அளவு சிறிது பிசகினாலும் அன்று மாலையே சரக்கு திரும்பி வந்துவிடும். பில்லுக்குப் பணம் வர 140 நாள் ஆகிறது. அதற்குள் ஜி.எஸ்.டி.யை என் கைக்காசிலிருந்து கட்டியாக வேண்டும். சனிக்கிழமைதோறும் நான்கு பேருக்குக் கூலி தர வேண்டும்.

45 நாளுக்குள் பணம் தராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி விகிதம்) போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியை வாங்கிய கம்பெனி தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்வது தாங்கள் அறியாததல்ல. வட்டி கேட்டவனுக்கு அடுத்த ஆர்டர் வராது என்பதையும் அறிவீர்கள். சிறு தொழில்களுக்கு உரிய நாளில் தராத தொகையை, அதைத் தரும்வரை கம்பெனி தன் வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, இனியாவது விடிவு பிறக்கும் என்று நம்பினோம். ஆனால், சிறு தொழில் என்பதற்கு அரசிடம் செய்துள்ள உத்யம் பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர் தொடரும் என்று அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பதிவு இல்லாவிட்டால் அந்த விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது அல்லவா?

வங்கியும் அப்படித்தான். பத்து லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சிறு தொழில்களிடம் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே அறிவுறுத்தியிருந்தும், 2013இல் இரண்டாவது லேத் வாங்க நான் ஆறு லட்சம் கேட்டபோது வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்டார்கள். கொடுத்தேன். துணிச்சல் இல்லாதவனா அதைக் கொடுப்பான்?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் வராதவர்கள், சிறு தொழில்களின் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடும் வழியையும், மன்றத் தீர்ப்பை எதிர்த்து வழக்குத் தொடுக்கும் கம்பெனி முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும் என்பதையும் விளக்கிக் கால் பக்கமாவது வெளியிடுங்கள்.

என் பெயரையும் பட்டறையின் பெயரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். மூன்று மாத பில்கள் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.