எம்.எஸ். நோயாளிக்கு வேது பிடிக்கும் முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நரம்புக்கு நல்லது என்று ஒரு கீரை, ஒரு சூரணம், ஒரு மாத்திரை பற்றிய குறிப்பு நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கும் நாட்டுமருந்துக் கடைக்கும் வருகிறவர்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்னும் தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்களும் உண்டு. நம் பக்கத்தில் இதையும் சேர்த்து 'நரம்புத் தளர்ச்சி' என்றே சொல்லிவிடுகிறார்கள். இது தளர்ச்சி அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையான மயலினை அரித்துவிடுகிறது. சத்துக் குறைந்ததால் மட்டும் வந்த நோய் அல்ல என்பதால், சத்தை அள்ளிக் கொடுத்துத் தீர்க்கவும் முடியாது.

இந்த நோயின் போக்கை முதலில் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு இது வந்து வந்து போகும் வகையாகத்தான் தொடங்கும். ஒரு கண் மங்கும், அல்லது ஒரு கால் இழுக்கும். சில வாரங்களில் முழுதாகவோ அரைகுறையாகவோ தானே தெளியும். அந்த வாரங்களில் கடைசியாக எந்தக் கஷாயம் குடித்தார்களோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். 'அந்த மருந்தில்தான் கால் வந்தது' என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை விட்டவருக்கு அடுத்த தாக்குதல் வரும்போது உறை மட்டுமல்ல, உள்ளே ஓடும் நரம்பிழையும் அறுபடலாம். அது திரும்ப வருவதில்லை. நோயைக் கட்டுக்குள் வைக்கும் ஃபிங்கோலிமோடு, நட்டாலிசுமாப் போன்ற மருந்துகளைத் தாமாக நிறுத்தினால் சில மாதங்களுக்குள் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்புவதுண்டு. தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபெனைச் சட்டென்று விட்டால் வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வரலாம். 'இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று யார் சொன்னாலும், அந்த ஒரு நிபந்தனைக்கு மட்டும் இணங்கக் கூடாது.

அடுத்தது சூடு. நம் ஊர்ப்பக்கத்தில் கை கால் விழுந்தால் உடனே நினைவுக்கு வருவது தொக்கணம் (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல்), ஒற்றடம், வேது. எண்ணெய் தடவி மென்மையாகப் பிடித்துவிடுவதால் இறுக்கம் தளரும், தூக்கம் வரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெடுப்பது அதற்குப் பிறகு வரும் நீராவியும் வெந்நீரும்தான். உறை தேய்ந்த நரம்பில் உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே செய்தி தடைபட்டு நின்றுவிடும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-இலேயே இதைக் குறித்து வைத்தார். வேதுப் பெட்டிக்குள் நடந்து போனவர் வெளியே வரும்போது எழுந்து நிற்க முடியாமல் போவதும், கண் இருட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும், நரம்பு புதிதாகக் கெட்டுவிடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது தானே சரியாகாது. உணர்ச்சி மரத்த காலில் தவிட்டு ஒற்றடமோ வெந்நீர்ப் பையோ வைத்தால் தோல் வெந்து கொப்புளம் கிளம்பும் வரை நோயாளிக்குத் தெரியாது. மரத்த இடத்தில் வைக்கும் எதையும் முதலில் மற்றவர் தன் முழங்கைக்கு உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

கத்திரி வெயிலில் இவர்களுக்கு வேண்டியது வேதுக்கு நேர் எதிரானது. உடற்பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடிக்கலாம். அதற்கு முன் இருபது நிமிடம் பச்சைத் தண்ணீரில் குளிக்கலாம். துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பிடரியில் போட்டுக்கொள்ளலாம். குற்றாலத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லதுதான். வழுக்கும் பாறையும், விழும் வேகமும்தான் ஆபத்து. துணைக்கு ஆள் இல்லாமல் அருவிக்கு அடியில் நிற்க வேண்டாம். தொந்தரவு குளிர்ந்த பிறகும் தீராமல், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாத நிலையில் 24 மணி நேரத்தைத் தாண்டினால், அது புதிய தாக்குதலாக இருக்கலாம். அன்றே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி குறைகிறது. இளவெயிலில் நின்றால் போதும் என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. தோலில் டி உண்டாக்கும் கதிர், நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் போதிய அளவு இறங்கும், அது எம்.எஸ். நோயாளி வெளியே நிற்கக் கூடாத நேரம். எனவே ரத்தத்தில் வைட்டமின் டி அளவை ('25 ஹைட்ராக்சி டி' என்னும் பரிசோதனை) பார்த்து, குறைந்திருந்தால் மாத்திரை எடுப்பதே நல்லது. தவறு நடப்பது இங்கேதான். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 60,000 யூனிட். அது வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். அட்டையில் நான்கு இருப்பதைப் பார்த்துத் தினம் ஒன்றாக விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படியே தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் வரும், சிறுநீரகமும் பழுதாகும். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்குவது நல்லது. கொழுப்புள்ள உணவோடு போனால்தான் உடம்பில் சேரும். தினமும் 5,000 யூனிட் எடுத்தவர்களுக்கும் 600 யூனிட் எடுத்தவர்களுக்கும் தாக்குதல் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை என்று 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நோயின் தொடக்கத்திலேயே இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் பலன் தெரிந்தது. அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது, வீட்டில் செய்து பார்ப்பதற்கு அல்ல.

'நரம்புச் சத்து மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படியுங்கள். பைரிடாக்சின் என்று ஒன்று இருக்கும், அதுதான் பி6. அது தினம் 100 மில்லிகிராம் அளவில் மாதக்கணக்கில் உள்ளே போனால் உணர்வு நரம்புகளையே கெடுக்கலாம். உள்ளங்கால் எரியும், மரத்துப் போகும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். பி12 கதை வேறு. அது குறைந்தால் எம்.எஸ். போலவே கால் தள்ளாடும். சைவச் சாப்பாட்டுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் அவசியம் அளந்து பார்க்க வேண்டும். முடி கொட்டுவதற்குத் தரும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனையைப் பொய்யாக்கும்: இல்லாத தைராய்டு மிகைப்பு இருப்பதாகக் காட்டும். எம்.எஸ்.ஸுக்காக இன்டர்ஃபெரான் ஊசி போடுகிறவர்களுக்கு அந்தப் பரிசோதனை அவ்வப்போது தேவை என்பதால், எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். எம்.எஸ்.ஸுக்கென்றே 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வும் 2020-இல் பலனில்லை என்றே முடிந்தது.

நாட்டுமருந்துக் கடையில் தயங்க வேண்டியவை சீந்திலும் அமுக்கராவும். எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவதுதான் இவற்றின் புகழ். இந்த நோயில் அடக்கப் பார்ப்பதே அந்தச் சக்தியைத்தான். டெரிஃப்ளூனோமைடு என்னும் எம்.எஸ். மருந்தை எடுப்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை உண்டு. அதே சமயம் சீந்தில் கஷாயமும் குடித்து எண் ஏறினால் எது காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. தேவையான மருந்தை நிறுத்த வேண்டிவரும். சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. இந்தச் சர்ச்சை முடியும் வரை நோயாளியின் கல்லீரல் காத்திருக்காது. பற்பம், செந்தூரம் வகைகளை உரிமம் இல்லாதவரிடம் வாங்கவே கூடாது. அவற்றில் முறையாக முடிக்காத பாதரசமும் ஈயமும் இருந்தால் நரம்பைத் தாக்கும்.

உணவைப் பொறுத்தவரை, இந்த நோயைக் குணமாக்கும் உணவு என்று நிரூபணமானது எதுவும் இல்லை. ராய் ஸ்வாங்க் என்ற மருத்துவர் 1940களின் கடைசியில் தொடங்கிய முறைப்படி, நாளொன்றுக்கு நிறைவுற்ற கொழுப்பு 15 கிராமைத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவை அவர் வைக்கவில்லை என்பதால் அதை முடிவாக எடுக்க முடியாது. அந்தக் கணக்குப்படி மறுவீட்டுச் சொதிக்கு ஊற்றும் கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டம்ளரிலேயே வரம்பு தாண்டிவிடும். சொதியை அடியோடு விட வேண்டாம், விசேஷத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். மீனெண்ணெய் மாத்திரை தாக்குதலைக் குறைக்கவில்லை. அந்தக் காசுக்கு வாரம் இருமுறை சாளை மீனைக் குழம்பு வைத்தால் புரதமும் சேரும்.

உணவு உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. டைமெத்தில் ஃபியூமரேட் முதல் வாரம் 120, பிறகு 240 மில்லிகிராம் என்று தினம் இருவேளை எடுக்கும் மருந்து. வெறும் காப்பியோடு விழுங்கினால் முகம் சிவந்து எரியும், வயிறு பிசையும். பலர் முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம். இட்லிக்கு நிலக்கடலைச் சட்னி, அல்லது ஒரு முட்டை என்று புரதமும் கொழுப்பும் வயிற்றுக்குள் போன பிறகு எடுத்தால் பெரும்பாலும் தாங்கும்.

தாக்குதலின்போது மூன்று முதல் ஐந்து நாள் மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். அந்த நாட்களில் சர்க்கரை எகிறும். பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவரும் அல்வாப் பொட்டலம் அப்போது வேண்டாம். ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும் என்பதால் கேழ்வரகும் எள்ளும் பிறகு நன்றாகச் சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு.

விழுங்கும்போது இருமுகிறவர்களுக்கு ரசஞ்சாதம் கொடுக்காதீர்கள். சோற்றை மெல்லும் நேரத்தில் ரசம் முந்திக்கொண்டு மூச்சுக்குழாயில் இறங்கும். கூழ், குழையப் பிசைந்த பருப்புச் சாதம் போல ஒரே பதத்தில் உள்ளது நல்லது. நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கி, பிறகு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சிறுநீர் அவசரத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் தொற்றும் சேர்ந்து வரும். பகலில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் நிறுத்திக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், அடுத்த ஆண்டு தொடங்கிய திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒரே நோயாளி இரண்டு இடத்துக்கும் போகிறார். இங்கே எழுதிய சீட்டு அங்கே தெரிவதில்லை. மாதம் ஒரு நாளாவது இரு தரப்பு மருத்துவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இத்தகைய நோயாளிகளின் மருந்துப் பட்டியலைப் பார்க்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை நோயாளியின் வீட்டார் ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கொடுத்தவர் யார் என்று நான்கு கட்டம் போட்டு, கஷாயம், சூரணம், சத்து மாத்திரை உட்பட எல்லாவற்றையும் எழுதி, இரு மருத்துவரிடமும் காட்ட வேண்டுகிறேன். தங்கள் மருத்துவப் பக்கத்திலும், நரம்புக்கான எந்தக் குறிப்போடும் அளவையும், யார் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை