300 பேர் கணக்கும் உன் 11 மாச கணக்கும்

டேய் செல்வம்,

புது மோல்டிங் மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு சொன்ன, ரொம்ப சந்தோஷம்டா. இங்க அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு திரும்ப சீரியல் பாக்க ஆரம்பிச்சாச்சு.

லேபர் கோட் பத்தி கேட்டிருந்தியே. 29 பழைய தொழிலாளர் சட்டத்த எடுத்துட்டு நாலு கோடா 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்திருச்சு, ஆனா எல்லாரும் அடிச்சுக்கறது ஒரே நம்பருக்குத்தான், ஆளக் குறைக்க, கம்பெனிய மூட கவர்மென்ட் பர்மிஷன் வாங்கணும்ங்கறது 100 பேர் வேல பாத்தாலேன்னு இருந்துச்சு, இப்ப 300 பேர்னு ஆயிருச்சு. யூனியன்காரங்க அநியாயம்ங்கறாங்க, நீ அப்பாடாங்கற. 1976ல அந்த ரூல் வந்தப்பவே 300தான்டா, 80கள்லதான் 100க்கு இறக்குனாங்க.

சரி, உனக்கு இதுல என்ன வந்துச்சு? உன் மஸ்டர்ல, அதான் கம்பெனி ஆளுங்க பேர் இருக்கற பதிவேட்டுல, என்னைக்குமே தொண்ணூறு சொச்சம்தான், மிச்சமெல்லாம் காண்ட்ராக்ட் ஆளு, ஆர்டர் இல்லன்னா காண்ட்ராக்டருக்கு ஒரு போன், "நாளைக்கு பத்து பேர் கம்மியா அனுப்புங்க", அவ்ளோதான் முடிஞ்சுது. நான் சம்பளம் போட்டுக் குடுக்கற ஒரு இடத்துல ஒரே லைன், ஒரே வேல, ஆனா பெர்மனென்டுக்கு நீலச் சட்ட, காண்ட்ராக்டுக்கு சாம்பல் சட்ட, கேன்டீன் டோக்கன் கூட வேற. சட்டம் காவல் நின்னதெல்லாம் நீலச் சட்டைக்குத்தான்.

அதனாலதான் எனக்கு ஃபிக்ஸ்டு டெர்ம் பிடிச்சிருக்கு. ஒரு காலம் சொல்லி ஆள் எடு, பெர்மனென்டுக்கு உள்ள சம்பளமும் பி.எஃப்.பும் குடு, ஒரு வருஷம் முடிஞ்சாலே கிராஜுவிட்டி, அதான் வேலைய விட்டுப் போறப்ப குடுக்கற பணம், முன்னாடி மாதிரி அஞ்சு வருஷம் இல்ல. ஆனா அந்த கிராஜுவிட்டில இருந்து தப்பிக்க ஒரு கிளையன்ட் கேட்ட முதல் கேள்வியே "11 மாசத்துல முடிச்சு பிரேக் விட்டு திரும்ப எடுக்கலாமா சார்"னுதான்! நம்ம தமிழ்நாட்டுல 24 மாசத்துல 480 நாள் வேல பாத்தா பெர்மனென்ட்னு 1981லயே சட்டம் வந்துச்சே, அதையும் இப்படித்தான பிரேக் குடுத்தே ஏமாத்துனாங்க.

வேல போனவனுக்கு ரீஸ்கில்லிங் ஃபண்டுன்னு 15 நாள் சம்பளம், அத வச்சு என்னத்தடா புதுசா கத்துக்கறது? ஸ்டிரைக்குக்கு மட்டும் 14 நாள் நோட்டீஸ், பாதிப்பேர் ஒரே நாள்ல லீவு போட்டாலும் ஸ்டிரைக்தானாம், அந்தப் பக்கம் மட்டும் கயித்த நல்லாவே இறுக்கியாச்சு.

இப்ப எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் குடுத்தே ஆகணும், அதனால அடுத்த மாசம் எடுக்கற பசங்களோட டிராஃப்ட எனக்கு அனுப்பிரு. 11 மாசம்னு போட்டிருந்த, 12ன்னு திருத்தித்தான் திருப்பி அனுப்புவேன்.

உன்
ரவி