குழாயில் 4 சென்றிமீற்றர் ஏன் கேட்கிறோம்

திருகோணமலை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"காசும் கட்டி, பீக் எல்லாம் ஏன் இப்படித் தடித்துக் கிடக்கு?" என்று போன மாதம் இரண்டு பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கொழும்பிலிருந்து வந்த என்.எம்.ஆர். தாள்களைக் கண்டு எங்களுக்கும் முகம் சுருங்கியது. (என்.எம்.ஆர். என்பது மாதிரியைக் காந்தத்துக்குள் வைத்து அதன் மூலக்கூறு அமைப்பைப் பார்க்கும் சோதனை. தாளில் எழும் ஒவ்வொரு கோடும் ஒரு பீக்.) நீங்கள் தந்த மாதிரிக் குழாய்களை எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் கரைசல் 2 சென்றிமீற்றர்தான். கொழும்புக்கு அனுப்பப் பெட்டியில் அடுக்கும்போதே நாங்கள் கவனித்திருக்க வேண்டும். மறுபடி ஓட்டக் காசு வேண்டாம்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் அருகருகேதான், ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. காந்தத்துக்குள் நிற்கும் குழாயும் அப்படித்தான். மேலே ஒரு புலம், கீழே சற்று வேறு. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் கோடு 1 ஹெர்ட்ஸ் அகலத்தில் நிற்க, புலம் 400 மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் மாறக்கூடாது. சிறு சுருள்களில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அதைச் சமப்படுத்துவதுதான் ஷிம்மிங். முன்பெல்லாம் ஓர் ஆள் லொக் அளவை (கரைப்பானிலுள்ள டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன், தரும் சமிக்ஞையின் உயரம்) பார்த்தபடி குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். கைதேர்ந்தவருக்கும் பொழுது போய்விடும்.

இப்போது இரவு முழுக்க இயந்திரமே குழாயை மாற்றி மாற்றி ஓட்டுகிறது, பக்கத்தில் ஆள் இல்லை. அதற்குத்தான் கிரேடியன்ட் ஷிம்மிங். ஒவ்வொரு கிணறாகக் கைவிட்டுப் பார்க்காமல் ஏழையும் ஒரே தடவையில் அளப்பது மாதிரி. கரைப்பானின் டியூட்டீரியம் சமிக்ஞையைக் கிரேடியன்ட் துடிப்போடு (உயரத்துக்கு உயரம் புலத்தை வேண்டுமென்றே மாற்றும் துடிப்பு) இரண்டு தடவை எடுக்கும், இரண்டாவதில் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் எந்த உயரத்தில் சமிக்ஞை முந்தியது, எங்கே பிந்தியது என்பதிலிருந்து குழாய் நெடுகப் புலத்தின் படம் கிடைக்கும். ஒவ்வொரு சுருளின் போக்கும் முன்பே பதிவாகி இருப்பதால் மிச்சக் கணக்கைக் கணினி போட்டுவிடும். (பக்கவாட்டுக் கோணலை இது பார்க்காது, அதை அங்குள்ளவர்கள் தனியாகச் சரிசெய்கிறார்கள்.)

சரி, படமெடுக்கத் திரவம் வேண்டுமே! கரைசல் குறைந்தால் அதன் மேல்மட்டம் அளக்கும் இடத்துக்குக் கிட்ட வந்துவிடும். காற்றும் திரவமும் சந்திக்கும் இடத்தில் புலம் சட்டென வளையும். அதைச் சுருள்களால் முழுதாக நிமிர்த்த முடியாது. ஆள் இருந்தால் கண்டுபிடிப்பார். இயந்திரம் அரைகுறை ஷிம்மோடு ஓட்டிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விடும்.

ஆகவே 5 மில்லிமீற்றர் குழாயில் 0.6 மில்லிலீற்றர் விடுங்கள், 4 சென்றிமீற்றருக்குச் சற்று மேலே நிற்கும். கரையாத தூளை வடித்துவிடுங்கள். கரைப்பான் பெயரை லேபிளில் எழுத மறக்க வேண்டாம், முக்கியமாக டியூட்டீரிய மெதனோல் என்றால்: அதில் இரண்டு டியூட்டீரியம் சமிக்ஞை வரும், எதைப் பிடிப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்த பெட்டி செவ்வாய்க்கிழமை போகிறது. குழாய்களைத் திங்கள் மாலைக்குள் கடையில் தாருங்கள். இம்முறை அடிமட்டம் வைத்து அளந்துதான் வாங்குவோம், கோபிக்காதீர்கள்.

இப்படிக்கு,
கடையில் உள்ளவர்கள்