வேட்டைக் கருவியும் பறவையின் வாய்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு உரிமம் வழங்கப்படுகிறது. அந்த வேட்டையில் இன்று புழங்கும் நவீனக் கருவிகளுள் எவை முறையானவை, எவை முறையற்றவை என்ற விவாதம் அங்குள்ள வேட்டைக்காரர்களுக்குள்ளேயே தீவிரமாக நடந்துவருகிறது. வேட்டைக்கு இடமில்லாத சிங்கப்பூரிலிருந்து இதைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. படிப்புக்காகவும் வேலைக்காகவும் அந்நாட்டுக்குச் சென்ற நம் பிள்ளைகளில் சிலர் அங்குள்ள நண்பர்களுடன் வேட்டைக்கும் போகிறார்கள். என் அக்காள் மகனும் அவர்களில் ஒருவன். அத்துடன், துப்பாக்கி நீங்கலாக அதே வகைக் கருவிகள் இங்கே பறவைகளைப் படமெடுப்போரின் கைகளிலும் வந்து சேர்ந்திருக்கின்றன.

நம்மில் பெரும்பாலோருக்கு வான்கோழி என்றால் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பேரங்காடியின் உறைபெட்டியில் கிடக்கும் கொழுத்த பறவைதான் நினைவுக்கு வரும். காட்டில் வாழும் வான்கோழி வேறு வகையான உயிர். மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும். குறுகிய தூரத்துக்கு அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் பறக்கவும் செய்யும். இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் தங்கும். கண்பார்வையோ அபாரமானது, தலையைச் சற்றே திருப்பினால் போதும், தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் அது கண்டுவிடும். பாசிர் ரிஸ் பூங்காவில் குஞ்சுகளோடு மேயும் காட்டுக்கோழியும் இதுவும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொன்னால் இங்குள்ளவர்களுக்கு இதன் விழிப்பு ஓரளவு புரியும்.

வசந்தகாலத்தில் பொழுது விடியும் முன்பே சேவல் மரத்திலிருந்தபடி உரக்கக் கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும். பெட்டைகள் அந்தக் குரலைத் தேடிச் செல்வதே இயல்பு. வேட்டைக்காரர் ஒரு மரத்தடியில் அசையாமல் அமர்ந்து பெட்டையின் குரலை எழுப்பி, இந்த இயல்பைத் தலைகீழாக்கிச் சேவலைத் தம்மிடம் வரவைக்க வேண்டும். பல நாள் விடியற்காலைகளில் சேவல் பதில் குரல் கொடுத்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று உணர்ந்து திரும்பிப் போய்விடும். வெறுங்கையோடு வீடு திரும்புவது அங்கே இயல்பான ஒன்று. அந்தச் சாத்தியம் இருப்பதால்தான் அதற்கு வேட்டை என்று பெயர்.

சென்ற முறை ஊருக்கு வந்தபோது அக்காள் மகன் தன் பையிலிருந்து உள்ளங்கை அகலமுள்ள ஒரு நீண்ட மரப்பெட்டியை எடுத்துக் காட்டினான். அதன் மூடி ஒரு முனையில் மட்டும் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. மறுமுனை கைப்பிடிபோல் நீண்டிருந்தது. மூடியின் அடிப்புறத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, பெட்டியின் மெல்லிய பக்கவாட்டு விளிம்பின்மேல் அதை மெதுவாக இழுத்தான். பெட்டைக் கோழி கேறுவதுபோன்ற கரகரத்த குரல் வரவேற்பறை முழுவதும் கேட்டது. நான் இழுத்துப் பார்த்தபோது கதவுக் கீலின் கிறீச்சொலிதான் வந்தது. அந்தப் பெட்டியில் சேவலை நம்பவைக்கும் குரலை எழுப்பத் தனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது என்றான். பதிவுசெய்த பெட்டைக் குரலை மின்கருவியில் ஒலிபரப்புவதை வான்கோழி வேட்டையில் பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்திருப்பதன் நியாயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரப்பெட்டியை இழுப்பவர் பிசகலாம். அந்தப் பிசகைக் கேட்டுப் பறவை தப்பிக்கலாம். பதிவுசெய்த குரலில் பிசகுக்கு இடமே இல்லை.

எனவே, ஒரு கருவி பழையதா புதியதா, எளியதா நுட்பமானதா என்று பார்ப்பதில் பயனில்லை. சுட முடிவெடுத்தபின் பறவை துன்புறாமல் உடனே இறக்க அக்கருவி உதவுகிறதா, அல்லது ஆபத்தை உணர்ந்து விலகிச் செல்லப் பறவைக்கு இருக்கும் வாய்ப்பையே அது பறிக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். முதல் வகையை நான் ஏற்கிறேன். இரண்டாவது வகையை எதிர்க்கிறேன். தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887ஆம் ஆண்டில் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் சங்கம் என்ற வேட்டைக்காரர் அமைப்பும், விலங்கின் மீது வேட்டைக்காரர் முறையற்ற மேலாதிக்கம் பெறக்கூடாது என்றே வலியுறுத்தி வந்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில முடிவுகள் நாம் எதிர்பாராதவையாக அமைகின்றன. துப்பாக்கியின்மேல் பொருத்தப்படும் குறிபார்க்கும் கருவி ஒன்று சிவப்புப் புள்ளியைக் காட்டி, குண்டு எங்கே படும் என்பதை உறுதிசெய்கிறது. பழமைவாதிகள் அதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். அருகில் வந்துவிட்ட பறவையைத் தவறாமல் சுடவும், காயத்தோடு புதருக்குள் ஓடி மடிவதைத் தவிர்க்கவும் அது உதவுவதால், அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. மாறாக, மின்கலம்கூடத் தேவைப்படாத ஓர் உத்தி இருக்கிறது. விரித்த வான்கோழி வாலை ஒரு கோலில் கட்டி, அதன் பின்னே மறைந்தபடி திறந்தவெளியில் சேவலை நோக்கித் தவழ்ந்து செல்கிறார்கள். தன் இடத்துக்குப் போட்டியாளன் வந்துவிட்டான் என்று எண்ணும் சேவல், வழக்கமான எச்சரிக்கை அனைத்தையும் மறந்து பாய்ந்து வருகிறது. அந்த விசிறியைத் தொலைவிலிருந்து பார்க்கும் இன்னொரு வேட்டைக்காரர் அதை உண்மையான பறவை என்று கருதிச் சுட்டுவிடும் ஆபத்தும் உண்டு. சில மாநிலங்கள் பொது நிலங்களில் இதைத் தடை செய்துள்ளன. பிற மான்களை ஈர்க்கப் பழக்கிய பார்வை மானைக் கட்டிவைத்து மான் பிடித்த வேடர்கள் நம் முன்னோரிடையேயும் இருந்தனர் என்பதால், ஏமாற்று உருவங்கள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. ஓரிடத்தில் நிற்கும் உருவத்தைச் சேவல் உற்றுப் பார்த்து ஐயுற நேரம் கிடைக்கிறது. துரத்தி வரும் உருவமோ அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

தோட்டாக்களின் விஷயம் இன்னும் சிக்கலானது. முன்பு பெரும்பாலும் ஈய ரவைகளை, அதாவது தோட்டாவுக்குள் அடைக்கும் சிறு குண்டுகளை, பயன்படுத்தினார்கள். இப்போது டங்ஸ்டன் ரவைகள் பரவியிருக்கின்றன. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11 கிராம் எடையுள்ளது. வேட்டைக்கான டங்ஸ்டன் கலவையோ சுமார் 18 கிராம். எடை மிகுந்திருப்பதால் மிகச் சிறிய ரவைகூட வேகம் குன்றாமல் சென்று ஆழமாகத் துளைக்கிறது. ஒரே தோட்டாவில் கூடுதலான ரவைகளை அடைக்கவும் முடிகிறது. வழக்கமான 40 கஜ எல்லைக்குள் பயன்படுத்தினால் பறவை அந்த நொடியிலேயே விழும். மண்ணிலும் இரையிலும் ஈயம் கலந்து கழுகு போன்ற பறவைகளுக்கு நஞ்சாவதும் குறையும். இவ்வளவு நன்மையும் உள்ள அதே தோட்டா, 60 கஜத்திலும் சுடலாம் என்ற துணிச்சலைத் தந்துவிட்டது. அவ்வளவு தொலைவில் நிற்கும் சேவலை வரவழைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் ரவைகள் பரந்து சிதறி, பறவை சாகாமல் காயப்படுகிறது. தோட்டாவைக் குறை கூறி இதில் பயனில்லை. 40 கஜத்தைத் தாண்டிச் சுடுவதில்லை என்று வேட்டைக்காரர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டால் அது நல்ல கருவி. இல்லையேல் அதுவே கொடிய கருவி. தடத்தைக் கண்காணிக்க ஆளில்லாத காட்டில், சட்டத்தால் இந்த எல்லையைக் காக்கவும் முடியாது.

எனக்கு மிகுந்த அச்சம் தருபவை, பறவை எங்கே இருக்கிறது என்ற செய்தியை அனுப்பும் கருவிகள். மரத்தில் கட்டிவைத்த கேமரா, தன் முன்னால் நடமாடும் பறவையைப் படமெடுத்துச் சில நொடிகளில் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. எந்தச் சேவல், எந்த நேரத்தில், எந்த வழியாக மேயப் போகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே அறியலாம். உடல் வெப்பத்தைக் காட்டும் கேமராவை டிரோனில் பொருத்தினால், இருட்டில் கிளையில் உறங்கும் பறவையையும் காணலாம். அரிசோனா மாநிலம் 2022ஆம் ஆண்டு முதல் வேட்டைக்காக இத்தகைய தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. டிரோன் உதவியுடன் வேட்டையாடுவதைப் பல மாநிலங்கள் தடுத்துள்ளன. இந்தத் தடைகளை மிகையான அச்சம் என்று சொல்வோர், அதே நாட்டில் நூற்றுக்கணக்கான கோடிகளாகப் பறந்த பயணப் புறாக்களின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அவை கூட்டமாகக் கூடுகட்டிய இடத்தைத் தந்தி தெரிவித்தது. வேட்டைக்காரர்களை ரயில் அங்கே கொண்டு சேர்த்தது. கொன்ற பறவைகளை அதே ரயில் சந்தைக்கு ஏற்றிச் சென்றது. வலையும் துப்பாக்கியும் அதற்கு முன்பும் இருந்தவைதான். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் இறந்தது.

கொல்லாமையை முதன்மையான அறமாகப் போற்றும் வாசகர்கள், வேட்டையே தவறாக இருக்கும்போது கருவியில் என்ன நியாயம் பார்ப்பது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நானும் துப்பாக்கியைத் தொட விரும்பாதவள்தான். ஆயினும் வேட்டை சட்டப்படி நடக்கும் ஒரு நாட்டில், அது எப்படி நடக்கிறது என்பது பறவைக்கு மிகப் பெரிய வேறுபாடு. மேலும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்புக்குப் போன காட்டு வான்கோழி இன்று சுமார் 6 மில்லியனாகப் பெருகியிருப்பதில் வேட்டைக்காரர்களின் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. 1950களில் வெடிவிசையால் பாயும் வலைகளைக் கொண்டு பறவைகளை உயிரோடு பிடித்து, வெறுமையாகிப் போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பறவையை மீட்டதும் ஒரு நவீனக் கருவிதான். அண்மைய ஆண்டுகளில் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் எண்ணிக்கை மீண்டும் சரிந்துவருகிறது. வாழிடம் சுருங்குவது போன்ற வேறு காரணங்கள் அதற்கு இருந்தாலும், சரியும் காலத்தில் பறவையின் வாய்ப்பை மேலும் குறைப்பது பொறுப்பற்ற செயல்.

இனி நம் தீவுக்கு வருகிறேன். இங்கே வனவிலங்குச் சட்டம் அனுமதியின்றிக் காட்டுப் பறவைகளைக் கொல்வதையும் பிடிப்பதையும் உணவிடுவதையும் தடுக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, மீனுக்குள் நுரைப்பஞ்சைத் திணித்து மிதக்கவிட்டு மீன்கழுகைப் படமெடுத்தவருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அதைப் படித்துக் கொதித்த பலரும், கைப்பேசியில் ஷாமா என்ற பாடும் பறவையின் பாட்டை ஒலிக்கவிட்டு அந்தப் பறவையைக் கிளைக்கு வரவழைப்பதைத் தவறாகக் கருதுவதில்லை. காட்டுப் பாதை ஒன்றில் நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராக்களோடு நின்ற குழுவினர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட, ஆண் ஷாமா வாலை உயர்த்தி, இல்லாத எதிரியைத் தேடிக் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருந்தது. நான் அங்கு நின்ற நேரம் முழுவதும் அது ஒரு புழுவைக்கூடக் கொத்தவில்லை. வாலை விசிறியாக்கித் தவழ்ந்து செல்லும் வேட்டைக்காரர் தூண்டிவிடும் அதே சினத்தைத்தான் இவர்களும் தூண்டுகிறார்கள். வேட்டையில் தடைசெய்யப்பட்ட ஒரு கருவியை, உயிர்களை நேசிப்பதாகச் சொல்லும் நாம் தயக்கமின்றிப் பயன்படுத்துவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பகிர்வதும் இத்தகையதே. காலையில் ஒருவர் அனுப்பும் செய்தி மாலைக்குள் கூட்டம் சேர்த்துவிடுகிறது. பராவ் பராவ் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் வைக்கோல்தலைச் சின்னான், இனிய குரலுக்காகவே தென்கிழக்காசியா முழுவதும் பிடிக்கப்பட்டு அழிவின் விளிம்பில் நிற்கிறது. புலாவ் உபின் உட்படச் சிங்கப்பூர்தான் அதற்கு எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்களில் ஒன்று. அது பாடும் இடத்தைத் துல்லியமாகக் குறித்துப் பொதுவெளியில் போடும் படம், பறவை பிடிப்பவர் கைக்கும் போய்ச் சேரும்.

ஆகவே, பறவைப் படக்குழுக்களை நடத்துவோரிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். இனப்பெருக்கக் காலத்தில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவதை உங்கள் குழு விதியாகவே தடை செய்யுங்கள். குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறக்கும் வரை இடத்தைக் குறிப்பிடும் செய்தியையும் படத்தையும் வெளியிடாதீர்கள். தேசியப் பூங்காக் கழகம், உணவிடுதலுக்கு எதிராக வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகளிலேயே இவ்விரண்டையும் நான்கு மொழிகளிலும் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர் ஒருவர்,
ஈசூன்