அடிப்படைப் பாடங்களில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவ மாணவர்களை முதல் ஆண்டிலேயே வார்டுக்கு அனுப்ப, உயிர்வேதியியல், உடலியங்கியல் வகுப்புகளைக் குறைக்கலாம் என்ற உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். சீக்கிரமே நோயாளிகளைப் பார்க்கட்டும், சரி, ஆனால் அதற்காக அடிப்படைப் பாடங்களை வெட்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், நம் இந்திய வம்சாவளி மக்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. நான் நர்ஸாக இருந்த வார்டுக்கு ஒரு அம்மாவைச் சர்க்கரை எகிறி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி, மூச்சு வாங்க வாங்கக் கொண்டுவந்தார்கள். இன்சுலின் ஏற்றத் தயாராக நின்றபோது இன்டர்ன் டாக்டர், “பொட்டாசியம் ரிசல்ட் வரட்டும் சிஸ்டர்” என்று நிறுத்தினார். வந்தது 3.3க்கும் கீழே, ரொம்பக் குறைவு. இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளிவிடும், ஏற்கெனவே குறைந்திருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், அதனால் முதலில் பொட்டாசியம் கொடுத்து, அப்புறம்தான் இன்சுலின். பாடத்தை ஊன்றிப் படித்தவருக்குத்தான் அந்த அவசரத்திலும் இது தோன்றும்.

ஆறு வருடப் படிப்பில் இந்த வகுப்புகளைக் குறைப்பதற்குப் பதில், இப்படிப்பட்ட நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை வைத்தே அவற்றை நடத்தலாம். கடைசி ஆண்டுகளிலும் உயிர்வேதியியல் ஆசிரியர்கள் வார்டுக்கு வந்து மாணவர்களோடு நின்று பேசட்டும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்,
சாட்ஸ்வொர்த், டர்பன்