சேன் ஜூலியன் போகும் மகளுக்கு

அன்பு மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை நண்பர்களோடு போர்தோவை அடுத்த மெதோக் பக்கம் ஒயின் தோட்டங்கள் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். மார்கோ, லஃபீத் என்று பெரிய பெயர்களாகப் பார்த்துக் கூட்டிப் போவார்கள். தாராளமாகப் பார். ஆனால் போகிற வழியில் சேன் ஜூலியன் என்ற ஊர் வரும். அங்கே லாங்கோவா பார்ட்டன் என்ற ஒயின் தோட்டத்து வீட்டின் முன்னால் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல். அந்த வீட்டைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் சொந்தக்காரர்களான பார்ட்டன்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை, அயர்லாந்துக்காரர்கள். தாமஸ் பார்ட்டன் என்பவர் போர்தோவுக்கு வந்து 1725-இல் ஒயின் வாங்கி விற்கும் வியாபாரம் தொடங்கினார். கை நிறையச் சம்பாதித்தாலும் அங்கே நிலம் மட்டும் வாங்கவில்லை. வெளிநாட்டான் பிரான்சில் செத்தால் சொத்து ராஜாவுக்குப் போய்விடும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். மனுஷர் விவரமானவர், பணத்தை அயர்லாந்து நிலத்தில் போட்டார். பேரன் ஹியூ காலத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ஹியூவைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் எப்படியோ தப்பி அயர்லாந்து போய்ச் சேர, கூட்டாளி தனியேல் கெஸ்தியே போர்தோ வியாபாரத்தைக் காப்பாற்றி வைத்தார். 1802-இல் இருவர் பெயரையும் சேர்த்தே கம்பெனிக்கு வைத்தார்கள்.

ஹியூதான் 1821-இல் லாங்கோவாவை வாங்கினார். 1826-இல், பக்கத்தில் லெயோவில் என்ற மிகப் பெரிய தோட்டம் துண்டுபட்டபோது அதில் ஒரு பங்கும் வாங்கினார். அந்தப் பங்கோடு வீடு வரவில்லை. அதனால் இன்றைக்கும் லெயோவில் பார்ட்டன் ஒயின் லாங்கோவாவின் கிடங்கில்தான் தயாராகிறது. லெயோவில் லேபிளில் இருப்பதும் லாங்கோவா வீட்டின் படம்தான். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெதோக் ஒயின்களைத் தரம் பிரித்தபோது லெயோவில் இரண்டாம் தரத்திலும் லாங்கோவா மூன்றாம் தரத்திலும் இடம் பிடித்தன.

அந்தப் பட்டியலில் இருப்பவை 60 சொச்சம் தோட்டங்கள். அன்றிருந்த குடும்பத்தின் கையிலேயே இன்றும் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ரெனோன்சான் குடும்பமான, அதாவது அந்தக் காலத்திலேயே பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக் குடும்பமான நமக்கு அது தெரியாததில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் மூன்று தலைமுறை போனால் ஒரு தோட்டத்துக்கு இருபது பங்காளிகள் வந்துவிடுவார்கள். ஒருவருக்குப் பணம் வேண்டும், இன்னொருவருக்கு வரி கட்டவேண்டும், விற்றுவிடுவார்கள். வாங்குவது வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ. பக்கத்து ஊர் போயாக்கில் பிஷோன் பாரோன் என்ற தோட்டம் 1987-இல் ஆக்சா என்ற காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனது. அந்த ஒயின் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை.

பார்ட்டன்களிடம் நிலைத்ததில் அதிர்ஷ்டமும் உண்டு. 1940-இல் ஜெர்மன்காரர்கள் வந்தபோது உரிமையாளர் ரோனால்டு பார்ட்டன். அவர் பிரிட்டிஷ் படையில் சேரப் போய்விட்டார். எதிரியின் சொத்து என்று பறிமுதல் செய்திருப்பார்கள். பழைய கூட்டாளியின் வம்சத்தில் வந்த இன்னொரு தனியேல் கெஸ்தியே, "அவர் அயர்லாந்துக்காரர், அயர்லாந்து நடுநிலை நாடு" என்று வாதாடிச் சொத்தைக் காப்பாற்றினார். ஒரே பெயர், ஒரே வேலை, நூற்றைம்பது வருஷ இடைவெளி!

இனிதான் நான் சொல்ல வந்தது. ரோனால்டுக்குப் பிள்ளை இல்லை. சகோதரர் மகன் ஆந்தனி 1951-இல் போர்தோ வந்தார், வயது 21. அடுத்த வாரிசு அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ரோனால்டுக்கும் தெரியும். ஆனால் ரோனால்டு தோட்டத்தை விடவில்லை. ஆந்தனி குடும்பக் கம்பெனியில் ஒயின் விற்றார். அந்தக் கம்பெனி வெளியார் கைக்குப் போனதும் 1967-இல் தனியாக வியாபாரம் வைத்தார். தோட்டம் கைக்கு வந்தது 1983-இல். அப்போது அவருக்கு வயது 53. வந்த பிறகு என்ன செய்தார் தெரியுமா? சில வருஷங்களிலேயே லெயோவிலை எல்லோரும் தேடி வாங்கும் ஒயினாக்கினார். அங்கே அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே விலை சொல்லி விற்றுவிடுவார்கள். மற்றவர்கள் விலையைத் தாறுமாறாக ஏற்றிய வருஷங்களிலும் இவர் நியாயமாகவே கேட்டார். அந்தப் பெயர் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இத்தனை திறமையுள்ள ஆளை முப்பது வருஷத்துக்கு மேல் வெளியே நிறுத்தி வைத்ததை என்னவென்று சொல்வது?

அந்த ஒயினும் அவசரப்படாத ஜாதிதான். கூழாங்கல் நிலம், முக்கால் பங்கு கபர்னே சோவினியோன் திராட்சை, ஒன்றரை வருஷம் ஓக் பீப்பாய். இளசாக இருக்கும்போது குடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும், பத்து வருஷம் போனால்தான் வழிக்கு வரும். ஒயினுக்கு அது சரி. மனுஷருக்குச் சரியில்லை.

ஆந்தனி தன் மகள் லிலியனுக்கு அப்படிச் செய்யவில்லை. தான் தெம்பாக இருக்கும்போதே கூட வைத்துக்கொண்டு பழக்கினார். 2022-இல் 91 வயதில் அவர் இறந்தபோது பேரப்பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள். பேத்தி மெலானி ஒயின் தயாரிப்பையே படித்தவள், அந்தக் குடும்பத்தில் அதைப் படித்த முதல் ஆள் அவள்.

நம் கடைக் கதை உனக்குத் தெரியும். என் பெரியப்பா கல்லாச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்தது கண் தெரியாமல் போன பிறகுதான். அதுவரை நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் உங்கம்மா சிரிப்பாள். அதனால் முடிவு செய்துவிட்டேன். வரும் சித்திரையில் புதுக் கணக்குப் போடும்போது கடையைத் தம்பியும் நீயும் எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பி சரி என்றுவிட்டான். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, தெரியும். கடைக்கு வந்து உட்கார வேண்டாம், கொள்முதலும் கணக்கும் அங்கிருந்தே பார்க்கலாம் என்று தம்பி சொல்கிறான். உனக்கு இதில் விருப்பமே இல்லை என்றாலும் வருத்தமில்லை, உன் பங்குக்குரிய பணத்தை இப்போதே பிரித்து எழுதிவிடலாம். "பார்க்கலாம்பா" என்று மட்டும் சொல்லாதே. நான் கேட்பது ஆமாம் அல்லது இல்லை.

அப்புறம், டிசம்பரில் வரும்போது ஒரு பாட்டில் வாங்கி வா. தோட்டத்தில் கேட்டு நிற்காதே, ஊர்க் கடையிலேயே வாங்கு. லெயோவில் வேண்டாம், லாங்கோவா போதும். அதே கைப்பக்குவம், விலை குறைவு. 2014 கிடைத்தால் நல்லது, பெரிதாகப் பேசப்பட்ட வருஷம் இல்லை என்பதால் விலை ஏறியிருக்காது. அம்மாவிடம் விலையைச் சொல்லாதே.

பதில் இந்த மாதக் கடைசிக்குள் வரட்டும், ஆடிட்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா