ரோமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். போன வாரம் போனில் "அது சரி, இந்தப் பழைய ரோமானிய மதத்தைப் படித்து முடித்தால் யாரம்மா வேலை கொடுப்பார்கள்?" என்று கேட்டீர்கள், நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பேசினால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று சான் கிளெமெந்தே தேவாலயத்துக்கு மறுபடியும் போயிருந்தேன். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், படியிறங்கினால் அதற்கடியில் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், இன்னும் இறங்கினால் ரோமானியர் காலத்துக் கட்டடம், அதற்குள் குகை மாதிரி வளைந்த கூரையோடு ஒரு சின்ன அறை. இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் பலிபீடம், அதில் மித்ராஸ் என்ற சாமி காளையை மண்டியிட வைத்துக் குத்துகிறார். எங்கேயோ சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெயர் நம் வேதத்து மித்ரன் பெயர்தான், பாரசீகத்திலும் அதே சாமி உண்டு. ஆனால் தீட்சை வாங்கியவர்கள் சடங்கை வெளியே சொல்லக்கூடாது, அதனால் அவர்களுடைய வேதநூல் என்று ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. சிற்பம், கல்வெட்டு, வெளியாட்கள் எழுதிய சில வரிகள், அவ்வளவுதான். தீட்சையில் ஏழு படிகள். முதல் படி அண்டங்காக்கை, ஏழாவது 'பாதேர்', அதாவது அப்பா. ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை, நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறேன்.

இந்த மதத்தை முதலில் முறையாகத் திரட்டிப் படித்தவர் ஃபிரான்ஸ் கியூமோன், பெல்ஜியத்துக்காரர், 1868-இல் பிறந்தவர். கெண்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மித்ராஸ் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் எங்கெங்கிருந்தோ சேர்த்து, 1899-க்குள் இரண்டு பெரிய தொகுதிகளாகப் போட்டுவிட்டார், அப்போது வயது 31. ஆனால் 1910-இல் ரோமானிய வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு ஆசிரியர்கள் அவர் பெயரைச் சொல்லியும், கத்தோலிக்கக் கட்சி அமைச்சர் முடியாது என்றுவிட்டார். மனிதர் வேலையை உதறிவிட்டு நாட்டை விட்டே கிளம்பி, மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி ரோமிலும் பாரிஸிலும்தான் இருந்தார். அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, வேலை போனாலும் சோறு போகவில்லை. எனக்கு அப்படி இல்லை என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் புத்தகங்களும் ஆயிரக்கணக்கான கடிதங்களும் இங்கே ரோமில் உள்ள பெல்ஜிய ஆய்வு நிலையமான அகாதெமியா பெல்ஜிகாவில் இருக்கின்றன. நான் உட்கார்ந்து படிப்பது அங்கேதான். வேடிக்கை என்னவென்றால், மித்ராஸ் வழிபாடு பாரசீக மதம், அது அப்படியே ரோமுக்கு வந்தது என்று அவர் சொன்னதை எழுபது வருஷம் எல்லோரும் நம்பினார்கள். அவர் 1947-இல் இறந்துபோனார். 1971-இல் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில் ரிச்சர்ட் கார்டன், ஜான் ஹின்னெல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த அஸ்திவாரத்திலேயே கை வைத்தார்கள். மித்ரா காளையைக் கொல்லும் கதை பாரசீகத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. அதற்காக அவருடைய தொகுதிகளை யாரும் தூக்கிப் போடவில்லை. எந்தச் சிற்பம் எந்த ஊரில் கிடைத்தது, கல்வெட்டில் என்ன எழுத்து என்று அவர் குறித்துவைத்ததை வைத்துக்கொண்டுதான் பிறகு வந்தவர்கள் அவரோடு சண்டை போட்டார்கள். எனக்கு அவருடைய முடிவுகளைவிட அந்தக் குறிப்புகள்தான் பிடித்திருக்கின்றன.

வேலை விஷயம்: உதவித்தொகை இன்னும் இரண்டு வருஷம் வரும். அதற்குள் லத்தீன், கிரேக்கம் போக பிரெஞ்சும் ஜெர்மனும் தடுமாறாமல் படிக்க வர வேண்டும், ஜெர்மன்தான் உயிரை வாங்குகிறது. அதன்பிறகு தற்காலிக வேலைகள், ஊர் ஊராக. நிரந்தர இடம் கிடைக்குமா என்றால், கிடைக்காமலும் போகலாம். பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மனசில்லை.

எஸ்க்விலினோ சந்தையில் கறிவேப்பிலை கிடைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் ரசப்பொடி தீர்ந்துவிட்டது. மாமா கேட்டால் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள், பாதி உண்மைதான்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்